எனக்கு இருக்கு, என்கிட்ட இருக்கு: ‘ஹேவ்’ என்ற சொல்லும் நம்ம ஊர் நிலமும்

இன்னைக்கு எபிசோடுக்கு ஒரு சின்ன சொல்லை எடுத்துக்கிட்டிருக்கேன். ஆங்கிலத்துல ‘பீ’ங்கிற வினைக்கு அடுத்தபடியா அதிகம் புழங்குற வினை, ‘ஹேவ்’. எல்.கே.ஜி.யிலயே சொல்லிக் கொடுத்துடுறாங்க. ஆனா ‘ஹேவ்’னா தமிழ்ல என்னன்னு யாராவது கேட்டா, ஒரே வார்த்தையில பதில் சொல்ல முடியாது.

சோதிச்சுப் பாருங்க. ‘ஐ ஹேவ் எ பிரதர்’. எனக்கு ஒரு தம்பி இருக்கான். ‘ஐ ஹேவ் ஃபீவர்’. எனக்குக் காய்ச்சல். அவ்வளவுதான், இதுல வினையே கிடையாது. ‘ஐ ஹேவ் ஹண்ட்ரட் ருபீஸ்’. என்கிட்ட நூறு ரூபா இருக்கு. ‘ஐ ஹேவ் எ பைக்’. நான் பைக் வச்சிருக்கேன். ‘ஐ ஹேட் டீ’. டீ குடிச்சேன்.

ஆங்கிலத்துல இது எல்லாத்துலயும் ‘நான்’தான் எழுவாய். தம்பியா இருந்தாலும் காய்ச்சலா இருந்தாலும் நூறு ரூபாயா இருந்தாலும், நான் அதைப் பிடிச்சு வச்சிருக்கேன்ங்கிற மாதிரிதான் வாக்கியம் நிக்குது. சொல்லோட வேரும் அப்படித்தான். கையால பிடிக்கிறது, பற்றுவதுங்கிற பொருள்ல இருந்து வந்தது ‘ஹேவ்’. ‘கேப்சர்’ங்கிற சொல்லுக்கு அது தூரத்துச் சொந்தம். தமிழ்ல அப்படி இல்ல. தம்பி இருக்கான். ரூபா இருக்கு. எழுவாய் அதுங்கதான். நான் ஓரமா, நாலாம் வேற்றுமை உருபைப் போட்டுக்கிட்டு, ‘எனக்கு’ன்னு நிக்கிறேன்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கு. ‘ஐ ஹேவ் கம்’னா வந்திருக்கேன். ‘ஐ ஹேவ் டு கோ’ன்னா போக வேண்டியிருக்கு. உடைமைக்கு மட்டும் இல்ல, நடந்து முடிஞ்சதைச் சொல்லவும் கட்டாயத்தைச் சொல்லவும் ஆங்கிலம் ‘ஹேவ்’ போடுற இடத்துல தமிழ் ‘இரு’வைப் போடுது. அதனால ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’னு யாராவது சொன்னா சிரிக்காதீங்க. நம்ம மொழியில தம்பிங்க ‘இருக்காங்க’. இருந்துக்கிட்டே இருக்காங்க. அந்த இருப்பைத்தான் அவர் ஆங்கிலத்துக்குள்ள கொண்டு போறார்.

சந்தையில யாருக்கு, யார்கிட்ட

இப்போ புளியங்குடிக்குப் போவோம். தென்காசி மாவட்டம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். எலுமிச்சைன்னு சொன்னாலே தென் மாவட்டங்கள்ல முதல்ல நினைவுக்கு வர்ற ஊர் இது. தோட்டத்துல பறிச்ச காய் சந்தைக்கு வரும், கமிஷன் கடையில இறங்கும், அங்கிருந்து வெளியூர் வியாபாரிக்குப் போகும்.

காய் கமிஷன் கடையில கிடக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தை மட்டும் யோசிச்சுப் பாருங்க. அம்பது மூட்டை கடைக்காரர்கிட்ட இருக்கு. ஆனா அவருக்குச் சொந்தம் இல்ல. தோட்டக்காரருக்குச் சொந்தம், ஆனா அவர்கிட்ட இப்போ இல்ல. ஆங்கிலத்துல ரெண்டு பேருமே ‘ஐ ஹேவ் ஃபிஃப்டி பேக்ஸ்’னு சொல்லலாம். தப்பு இல்ல, ஆனா எது எந்த அர்த்தம்னு விளக்க இன்னொரு வாக்கியம் வேணும். தமிழ்ல ‘கிட்ட’ங்கிற சொல்லும் ‘கு’ங்கிற உருபும் அந்த வேலையைச் செஞ்சு முடிச்சுடுது.

ஒத்திங்கிற ஏற்பாட்டை எடுத்துக்கோங்க. அவசரத்துக்குப் பணம் வாங்குறவர், வட்டிக்குப் பதிலா நிலத்தையோ வீட்டையோ கடன் கொடுத்தவர் அனுபவத்துல விடுறார். நிலம் ஒருத்தருக்கு, அதுல விளையுறது இன்னொருத்தருக்கு. பணத்தைத் திருப்பிக் கொடுத்து மீட்டாத்தான் நிலம் கைக்கு வரும். ‘எனக்கு ரெண்டு ஏக்கர் இருக்கு, ஆனா என்கிட்ட இல்ல.’ தென் மாவட்டத்துக்காரங்களுக்கு இந்த வாக்கியம் விடுகதை இல்ல. குடும்பக் கணக்கு.

பழைய கிரயப் பத்திரத்தைப் படிச்சிருக்கீங்களா? ‘எனக்குப் பாத்தியப்பட்டு, என் சுவாதீன அனுபோகத்தில் இருந்துவருகிற’ன்னு ஒரு நடை வரும். வெறும் அலங்காரம்னு தோணும். ஆனா அதுல ரெண்டு தனித்தனி விஷயம் இருக்கு. பாத்தியம்னா உரிமை. சுவாதீனம்னா இப்போ யார் கையில இருக்குங்கிறது. சட்டத்துல இந்த ரெண்டும் வேற வேற. சமஸ்கிருதச் சொல்லை நிறையப் போட்டு எழுதினாலும், பத்திர எழுத்தர் சொல்றது ‘எனக்கு’ம் ‘என்கிட்ட’யும்தான்.

அப்போ தமிழ்ல ‘ஹேவ்’ இருந்ததே இல்லையா?

இங்க ஒரு வழக்கமான முடிவுக்கு வந்துடுறாங்க. ‘தமிழ்ல ஹேவ் கிடையாது, அதனால தமிழர்கிட்ட உடைமை எண்ணமே கிடையாது’ன்னு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு பாதியுமே தப்பு.

முதல் பாதியைப் பார்ப்போம். பழந்தமிழ்ல ‘உடை’ன்னு ஒரு சொல் இருந்தது. உடையேன், உடையன், உடையள், உடைத்து. நான், அவன், அவள், அதுன்னு ஆளுக்குத் தக்க விகுதி மாறும். ஆனா காலம் காட்டாது. நேத்து, இன்னைக்கு, நாளைக்கு எல்லாத்துக்கும் ஒரே வடிவம். இலக்கணக்காரங்க இதைக் குறிப்பு வினைன்னு சொல்வாங்க. ‘நான்’ எழுவாயா நின்னு ‘இதை உடையேன்’னு சொல்ற அமைப்பு, ‘ஹேவ்’க்கு ரொம்பப் பக்கத்துல வருது.

இந்தச் சொல்லை எதுக்குப் பயன்படுத்தினாங்கன்னு பார்க்கத் திருக்குறள் நல்ல இடம். 133 அதிகாரத்துல ‘உடைமை’ன்னு முடியுற தலைப்பு 10 இருக்கு. அன்புடைமை, அடக்கமுடைமை, ஒழுக்கமுடைமை, பொறையுடைமை, அருளுடைமை, அறிவுடைமை, ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை, பண்புடைமை, நாணுடைமை. நிலமுடைமை இல்ல, பொன்னுடைமை இல்ல. பணம் சேர்க்குறதைப் பத்தியும் வள்ளுவர் ஒரு அதிகாரம் வச்சிருக்கார். ஆனா அதுக்குப் பேர் ‘பொருள் செயல்வகை’. அதாவது பணத்தை எப்படி உண்டாக்குறதுங்கிறது.

இதை வச்சு ‘அந்தக் காலத்துல யாருக்கும் நில ஆசை இல்ல’ன்னு சொல்லிட முடியுமா? கல்வெட்டு ஒத்துக்காது. சோழர் காலக் கல்வெட்டுகள்ல ஊர்ப்பேரோட ‘உடையான்’, ‘கிழான்’னு சேர்த்துச் சொல்லிக்கிற ஆட்கள் ஏராளமா வர்றாங்க. ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி மூணு பேரும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகள்ல வர்ற பேர்களையெல்லாம் தொகுத்து 1978ல ஒரு அடைவு வெளியிட்டாங்க. நிலம் ஊர்ப் பொதுவுல இருந்து தனி ஆட்கள் கைக்கு எப்படி நகர்ந்ததுங்கிறது கராஷிமாவோட ஆய்வுல முக்கியமான கேள்வி. அதுக்கு இந்தப் பட்டப்பேர்களும் சான்று. அரசனும் ‘உடையார் ஸ்ரீ ராஜராஜ தேவர்’, கோயில்ல இருக்கிற சாமியும் ‘உடையார்’. குறள்ல அன்புக்கும் பொறுமைக்கும் நின்ன சொல், கல்வெட்டுல ஊருக்கும் அதிகாரத்துக்கும் நிக்குது.

பதினேழு கேள்விகள்

இப்போ ஒரு பெரிய தாவல். 1801ல கர்நாடக நவாபோட ஒப்பந்தம் போட்டு, திருநெல்வேலி உட்படப் பெரும்பகுதித் தமிழ்நாட்டு நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்துடுது. கம்பெனிக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. யார்கிட்ட வரி வாங்குறது? அதாவது நிலம் யாருக்கு இருக்கு?

‘ஹூ ஓன்ஸ் த லேண்ட்?’ லண்டன்ல இது சுலபமான கேள்வி. இங்க மொழிபெயர்க்கப் போனா சிக்கல். விளைச்சல்ல அரசுக்கோ ஜமீனுக்கோ போற பங்கு மேல்வாரம். பயிர் வச்சவரோட பங்கு குடிவாரம். ஒரே வயல்ல ரெண்டு பேருக்கும் ‘இருக்கு’. அதுக்கும் மேல கோயிலுக்கு ஒரு பங்கு, ஊர் வேலை செய்றவங்களுக்கு ஒரு பங்கு.

சென்னை கலெக்டரா இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ் இந்தச் சிக்கல்ல இறங்கினவர். திராவிட மொழிகள் தனிக் குடும்பம்னு கால்டுவெல்லுக்கு 40 வருஷம் முன்னாடியே, 1816ல எழுதினவர் இவர்தான். குறள்ல ஒரு பகுதியை மொழிபெயர்த்தவரும் இவரே. மிராசு உரிமை பத்தி அரசு கேட்ட 17 கேள்விக்கு எல்லிஸ் எழுதின பதில் 1818ல அச்சுக்கு வந்தது. அவர் அலுவலகத்துல சிரஸ்தாரா இருந்த சங்கரய்யாவோட பங்கும் அதுல இருக்கு. ‘மிராசு’ அரபு மூலத்துல இருந்து வந்த சொல். பரம்பரைச் சொத்துன்னு அர்த்தம். அதுக்குத் தமிழ்ல இருந்த பேர் ‘காணியாட்சி’. காணி, ஆட்சி. நிலத்தைப் ‘பிடிச்சு வச்சிருக்கிறது’ இல்ல, நிலத்தை ‘ஆளுறது’. இன்னைக்கும் பத்திரத்துல ‘ஆண்டு அனுபவித்து’ன்னு எழுதுறாங்களே, அந்த ‘ஆண்டு’ இதே ஆட்சிதான்.

எல்லிஸ் 1819ல இறந்துட்டார். 1820ல தாமஸ் மன்றோ கவர்னரா வந்ததுக்கு அப்புறம் ரயத்துவாரி முறை பரவலாச்சு. ஒவ்வொரு பட்டாதாரர்கிட்டயும் அரசு நேரடியா வரி வாங்குற முறை. ஒரு வயலுக்கு எதிரே ஒரு பேர். பல பேருக்குப் பல மாதிரி ‘இருந்த’ நிலம், பதிவேட்டுல ஒருத்தர் ‘வச்சிருக்கிற’ நிலமா மாற ஆரம்பிச்சது. ‘ஹேவ்’ தமிழ் வாக்கியத்துக்குள்ள நுழையல. தாலுகா கச்சேரி வழியா நுழைஞ்சது.

புளியங்குடியைச் சுத்தி இருக்கிற பகுதிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சிவகிரி, சொக்கம்பட்டி, தலைவன்கோட்டை, ஊத்துமலை, எல்லாம் பாளையங்களா இருந்த ஊர்கள். பக்கத்துலதான் பூலித்தேவரோட நெற்கட்டும்செவல். அவர் சண்டையோட மையமும் யாருக்குக் கப்பம் கட்டணும்ங்கிற கேள்விதான். 1803ல கம்பெனி, மிஞ்சின பாளையக்காரர்களுக்கு ஜமீன்தார்னு சன்னது கொடுத்துச்சு. உழுதவங்க நிலை? 1908ல வந்த சென்னை எஸ்டேட் நிலச் சட்டம்தான் ஜமீன் குடிகளுக்கு நிலத்துல நிலையான உரிமையை எழுத்துல கொடுத்தது. 1948ல ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து, ஜமீன் நிலமும் ரயத்துவாரிப் பட்டாவா மாறிச்சு.

இருந்தாங்க, ஆனா அவங்களுக்கு இல்ல

இந்தக் கதையில இன்னும் ஒரு கூட்டம் பேசவே இல்ல. 1891ல செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹியர் ஒரு அறிக்கை எழுதினார். அந்த மாவட்டத்துப் பறையர் மக்களோட நிலையைப் பத்தி. அதுல வர்ற முக்கியமான விஷயம் வயல் பத்தி மட்டும் இல்ல, குடியிருக்கிற மனை பத்தி. தலைமுறை தலைமுறையா சேரியில குடிசை போட்டு வாழ்ந்தாங்க. ஆனா அந்த மனைக்கட்டு மிராசுதாருக்குப் பாத்தியம். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினா, கூலி கூடக் கேட்டா, வீட்டைக் காலி பண்ணச் சொல்ல முடியும்.

இந்த இடத்துல ‘இரு’ங்கிற நம்ம வினையைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. அவங்க அங்கேயே இருந்தாங்க. ஆனா அவங்களுக்கு இருக்கல. இலக்கணத்துல ஒரு ‘கு’தான் வித்தியாசம். வாழ்க்கையில அந்த ‘கு’ இல்லாமப் போனா, பேசுறதுக்கு வாய் இல்ல.

அறிக்கைக்கு அடுத்த வருஷம், 1892ல, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு நிலம் ஒதுக்குறதுக்கு ஆணை வந்தது. இன்னைக்கு நாம பஞ்சமி நிலம்னு சொல்றது அதுதான். அந்த நிலம் மத்தவங்க கைக்குப் போகக் கூடாதுன்னு நிபந்தனையும் உண்டு. ஆனா எத்தனையோ இடத்துல போயிடுச்சு. பதிவேட்டுல ‘அவங்களுக்கு’, நேர்ல ‘வேற யார்கிட்டயோ’. பஞ்சமி நில மீட்புக்கு இன்னைக்கு வரைக்கும் போராட்டம் நடக்குறதுக்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

‘வச்சிருக்கான்’

அடுத்தது வீட்டுக்குள்ள. ‘வச்சிருக்கேன்’ங்கிறது இன்னைக்குப் பேச்சுத் தமிழ்ல ‘ஹேவ்’க்கு ரொம்ப நெருக்கமான வடிவம். பைக் வச்சிருக்கான், கடை வச்சிருக்கார், துட்டு வச்சிருக்கார். இதுல மட்டும் ஆள் எழுவாய் ஆயிடுறார், பொருள் செயப்படுபொருள் ஆயிடுது. ‘வைப்பு’ன்னா சேமிப்பு. வங்கியில வைப்பு நிதி.

இதே சொல்லை ஒரு பொண்ணைப் பத்திச் சொன்னா என்ன ஆகுதுன்னு உங்களுக்குத் தெரியும். ‘அவளை வச்சிருக்கான்.’ பைக் இருந்த இடத்துல ஒரு பெண். திருப்பிப் போட்டு ‘அவ அவனை வச்சிருக்கா’ன்னு சொன்னா ஊர் அதைக் கேலியாத்தான் எடுத்துக்கும். இதைத் தவிர இன்னொரு வாக்கியமும் வீட்டுல கேட்டிருப்பீங்க. ‘ரெண்டு பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கேன்.’ அப்பா சொல்றப்போ அதுல உடைமையை விட பாரம்தான் கேட்குது. எப்படிப் பார்த்தாலும் பொண்ணு எழுவாயா வர்றது இல்ல.

அப்போ ‘அவளுக்கு என்ன இருக்கு?’ 1956ல வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்குப் பங்கு கொடுத்தது. ஆனா கூட்டுக் குடும்பத்தோட பூர்வீகச் சொத்துல, பிறப்பாலயே வர்ற உரிமை மகன்களுக்கு மட்டும்தான் இருந்தது. தமிழ்நாடு இதை 1989ல திருத்துச்சு. அந்த வருஷம் மார்ச் 25க்கு முன்னாடி கல்யாணம் ஆகாத மகள்களுக்கும் மகனுக்குச் சமமான உரிமை. முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்கு இல்ல. ஒரே வீட்டுல அக்காவுக்கு இல்ல, தங்கச்சிக்கு இருக்கு. 2005ல நாடு முழுக்கச் சட்டம் மாறினப்போதான் அந்தக் கல்யாண நிபந்தனை போச்சு. அப்பா 2005ல உயிரோட இருந்திருக்கணுமாங்கிற சந்தேகத்தை 2020 ஆகஸ்ட்ல வினீதா சர்மா வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்த்து வச்சது. இருந்திருக்க வேண்டியதில்லை, உரிமை பிறப்பாலயே வருதுன்னு.

ஆனா சட்டத்துல ‘அவளுக்கு’ன்னு வந்தது, நிலத்துல ‘அவகிட்ட’ன்னு வந்துச்சா? ‘கல்யாணத்துக்கு நகை போட்டாச்சுல்ல, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடும்மா’ன்னு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குறது நம்ம ஊர்கள்ல சகஜம். அண்ணன் தம்பி உறவு வேணுமா, அரை ஏக்கர் வேணுமான்னு அவளைத் தேர்ந்தெடுக்கச் சொல்றாங்க. ‘எனக்குத் தம்பி இருக்கான்’, ‘எனக்கு நிலம் இருக்கு’ன்னு நம்ம மொழி ரெண்டையும் ஒரே மாதிரிதான் சொல்லுது. ஒண்ணை வச்சுக்க இன்னொண்ணை விடணும்னு எந்த இலக்கணமும் சொல்லல.

சொல் இல்லைன்னா ஆசை இல்லையா?

கடைசியா, அந்த ரெண்டாவது பாதிக்கு வருவோம். உளவியலாளர் எரிக் ஃபிராம் 1976ல எழுதின புத்தகத்தோட தலைப்பே ‘உடைமையா, இருப்பா’ங்கிற கேள்விதான். பல மொழிகள்ல ‘ஹேவ்’க்குச் சொல் இல்லைங்கிறதை அவர் கவனிச்சார். தனிச்சொத்து வளர்றதோட ‘ஹேவ்’ங்கிற சொல்லும் வளருதோன்னு யோசிச்சார். அழகான யோசனைதான். ஆனா ரஷ்ய மொழியிலயும் இந்தியிலயும் உடைமையைச் சொல்ல வழக்கமா ‘ஹேவ்’ மாதிரியான வினையைப் போடுறது இல்ல. அங்கேயும் பிரபுக்களும் ஜமீன்தார்களும் இருந்தாங்க. இங்க ‘எனக்கு இருக்கு’ன்னு பணிவா நாலாம் வேற்றுமையில பேசினவங்கதான் அடுத்தவன் குடிசை போட்ட மனையையும் தன் பாத்தியம்னு எழுதி வச்சாங்க. மொழி யாரையும் நல்லவங்களா ஆக்கிடல.

மொழி ஒண்ணு மட்டும் செய்யுது. ஒரு கேள்வியைக் கேட்கச் சுலபமாக்கித் தருது. ஆங்கிலத்துல ‘ஹூ ஹேஸ் இட்?’னு ஒரு கேள்வி. தமிழ்ல அது ரெண்டு கேள்வி. யாருக்கு இருக்கு? யார்கிட்ட இருக்கு? ஒத்தியில இருந்து பஞ்சமி நிலம் வரைக்கும், விடுதலைப் பத்திரம் வரைக்கும், தகராறு எல்லாம் இந்த ரெண்டுக்கும் பதில் வேற வேறயா வர்ற இடத்துலதான்.

ஒரு சின்ன வேலை சொல்றேன். அடுத்த தடவை ஊருக்குப் போனா, வீட்டுப் பத்திரத்தையும் பட்டாவையும் எடுத்துப் பாருங்க. பட்டா வருவாய்த் துறைப் பதிவுதான், அது மட்டுமே சொத்துரிமையை உண்டாக்காதுன்னு நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கு. அதனால ரெண்டையும் பாருங்க. எந்தப் பேர்ல இருக்கு, இப்போ யார் அனுபவத்துல இருக்கு, அந்தப் பட்டியல்ல உங்க அம்மா பேரோ அத்தை பேரோ வருதா? வரலைன்னா, எந்த வருஷத்துல, எந்தக் கையெழுத்துல போச்சுன்னு கேளுங்க. வீட்டுல பெரியவங்க உயிரோட இருக்கும்போதே கேட்டுடுங்க, பல பதில் அவங்ககிட்ட மட்டும்தான் இருக்கும்.

இன்னொரு எபிசோட்ல சந்திப்போம்.